லெட்சுமி அக்கா கை தூக்காத சனிக்கிழமை

எனக்குக் குதிரை என்றாலே ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேரு தொழிற்பேட்டையில் பதினோரு வருஷமாகத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன் நான். இரவு ஷிப்ட் முடிந்து தூங்கி வழியும் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு காலையில் திரும்பும்போது, முன்னால் ஒரு குதிரை ஆடி அசைந்து போனால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் அதன்மேல் உட்கார்ந்திருந்தவர் லெட்சுமி அக்கா, எங்கள் அடுக்குமாடியில் எனக்குக் கீழ்வீடு. அதனால் வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே பஸ்ஸை உருட்டிக்கொண்டு போவேன்.

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருஷம் நின்று வேலை பார்த்தவர். அவருடைய கணவர் குரு அண்ணன் கண்டெய்னர் லோரி ஓட்டினார். நான்கு வருஷத்துக்கு முன் துறைமுக வாசலில் வரிசையில் காத்திருந்தபோது, ஓட்டுநர் இருக்கையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப்பின் அக்காவுக்குத் தொழிற்சாலைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. சிவநேசன் என்பவர் நடத்தும் குதிரைப் பண்ணையில் லத்தி அள்ளப் போனார். இரண்டே வருஷத்தில் குதிரைமேல் ஏறிவிட்டார். அடுக்குமாடியே சிரித்தது. "சிரிக்கிறவங்க வந்து ஏறிப் பாருங்களேன், ஸ்டூல் நான் போடுறேன்" என்றார் அக்கா. ஒருத்தரும் போகவில்லை, நான் உட்பட.

பண்ணையிலிருந்து சவாரித் திடலுக்கு முன்பு செம்பனைத் தோட்டத்துக்குள்ளேயே மண்பாதை இருந்தது. அதன் குறுக்கே ஒரு கிடங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. எட்டு மாதமாகக் குதிரைகள் ஒரு கிலோமீட்டர் பெரிய ரோட்டில்தான் போகவேண்டும். மற்றக் குதிரைகள் ரோட்டுக்குப் பழகிவிட்டன. மைலோ மட்டும் முரண்டு பிடித்தது. பந்தயத்தில் ஓடிக் கழித்துவிடப்பட்ட குதிரை அது. கலக்கி வைத்த மைலோ பானத்தின் நிறத்தில் இருந்ததால் அக்கா வைத்த பெயர். வந்த நாளிலிருந்து அக்கா கையால் கொடுத்தால்தான் சாப்பிடும்.

அக்கா செய்யாத வைத்தியம் இல்லை. ரோட்டுப் பக்கத்தில் ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரையை வேறொருவர் ஓட்டிவர, மைலோவை அதற்கு இடப்பக்கம் ஓரமாக வைத்துக்கொள்வார். குரு அண்ணனின் பளபளக்கும் ஆரஞ்சு மேல்சட்டையை, தூரத்திலேயே தெரியட்டும் என்று போட்டுக்கொள்வார். லோரி வந்தால் கையை உயர்த்தி, 'மெதுவா, மெதுவா' என்று காட்டுவார். நாம் மூச்சைப் பிடித்தால் குதிரைக்குத் தெரிந்துவிடுமாம். அதனால் மூச்சு விடுவதற்காகவே வழிநெடுக அதனிடம் பேசிக்கொண்டு வருவார். "இன்னிக்கு நெத்திலி சம்பல்டா மைலோ, நாளைக்கு முருங்கக்கீர..." என்று அவர் வீட்டுச் சமையல் முழுக்க மேரு ரோட்டுக்கே தெரியும்.

குரு அண்ணனின் கூட்டாளி ஷாஹுல் ஹமீது ஒருநாள் லோரியைப் பண்ணை முற்றத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினார். இஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, மைலோ அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று புல் தின்றது. எல்லாம் சரியாகிவிட்டதென்று நினைத்தோம். மறுநாளே ரோட்டில் பக்கவாட்டில் எகிறிக் குதித்து, எதிரே வந்த லோரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அக்கா எப்படி விழாமல் இருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதலாளி சிவநேசன் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்துவிட்டார். "லெட்சுமிம்மா, உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது? வர்ற சனிக்கிழமை நானே கார்ல பின்னாடி வரேன். அன்னிக்கும் எகிறுச்சுன்னா, போர்ட்டிக்சன் ஆளு ஒருத்தர் இதக் கேட்டுக்கிட்டு இருக்காரு, கொடுத்துடுவேன்" என்றார்.

போர்ட்டிக்சன் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றுகிற வேலை. இந்தப் பயந்தாங்கொள்ளி அங்கே ஒரு வாரம் தாங்காது. அப்புறம் வேறொரு கை, அதற்கப்புறம் இன்னொரு கை. கடைசியில் அது எங்கே போய் முடியும் என்று அக்காவுக்குத் தெரியும். அன்று மாலை படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்.

செவ்வாய்க்கிழமை காலை, ரோட்டோரம் பசியாற விற்கும் ஒட்டுக்கடைக்கு எதிரே ஒரு பெண்ணை இறக்கிவிடப் பஸ்ஸை நிறுத்தினேன். முன்னால் அக்காவும் மைலோவும். ரோடு காலி, ஒரு மோட்டார்சைக்கிள்கூட இல்லை. ஒட்டுக்கடைக்காரர், "அக்கா, பசியாறிட்டீங்களா?" என்று கத்தினார். அக்கா பதிலுக்குக் கையைத் தூக்கினார். மைலோவின் காதுகள் பின்னால் படிந்தன. அடுத்த நொடி ஒரே எகிறு!

பஸ் இருக்கை உயரம். நான் தெளிவாகப் பார்த்தேன். லோரி இல்லை, ஹார்ன் இல்லை. கைதான்.

பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ராஜன், நீ பஸ்ஸ ஓட்டு, போதும். குதிரையப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காத லா."

ஆனாலும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. வேலை முடிந்து நான் பண்ணைக்குப் போனபோது, முற்றத்தில் மைலோமேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மெல்லக் கையை உயர்த்தினார். மைலோ உடம்பைச் சுருட்டிக்கொண்டு துள்ளியது. அக்கா இறங்கி, அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

விஷயம் இதுதான். அக்கா கை தூக்கும்போதெல்லாம் லோரிக்காரர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். குறைத்துவிட்டு, 'பாம், பாம்' என்று இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுப் போவார்கள். மரியாதையாம்! நல்ல பிள்ளைகள், நல்லதுதான் செய்தார்கள். எட்டு மாதத்தில் மைலோவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. தலைக்குமேல் கை எழுந்தால், காதுக்குள் இடி விழும்.

"அவ்வளவுதானேக்கா? ஹார்ன் அடிக்காதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க. நீங்களும் கைய தூக்காதீங்க" என்றேன்.

அக்கா சேணத்தைக் கழற்றித் தொங்கவிட்டார். வாளியில் தண்ணீர் பிடித்தார். அப்புறம்தான் சொன்னார்.

"அது அவரோட ஹார்ன் ராஜன். நம்ம ப்ளாட்டக் கடந்து போறப்பல்லாம் ரெண்டு தடவ அடிப்பாரு. நான் பால்கனியில நின்னு கைய தூக்குவேன். அவரு போனதுக்கு அப்புறம், கூட்டாளிங்க என்னை எங்க பாத்தாலும் அத அடிக்கிறாங்க. நாலு வருஷமா. அத எப்படி நான் வேணாம்னு சொல்றது?"

இத்தனை வருஷம் அக்கா கீழ்வீட்டிலேயே இருந்தும் எனக்கு இது தெரியாது. அந்த ஹார்ன் கேட்டு எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்! வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை லோரிகள் நிற்கும் இடத்துக்கு அக்கா போனார். நானும் கூடப் போனேன். ஷாஹுல் ஹமீது டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும், "வாங்க அண்ணி, ஒரு கிளாஸ் தே குடிக்கிறீங்களா?" என்றார்.

"வேணாம் தம்பி. நீங்கல்லாம் எனக்கு ஹார்ன் அடிக்கிறீங்கல்ல..." அக்கா அவருடைய லோரியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "இனிமே அடிக்காதீங்க. குதிரை பயப்படுது. நானும் கைய தூக்க மாட்டேன். அவர மறந்துட்டேன்னு நெனச்சிக்காதீங்க."

"நாங்களா அதப் பயமுறுத்துனோம்?" என்று கேட்டார் ஷாஹுல். பிறகு போனை எடுத்து, லோரிக்காரர்கள் குழுவுக்கு அங்கேயே பேசி அனுப்பினார். "டேய், கேட்டுக்குங்கடா. குரு அண்ணன் வீட்ல வந்து சொல்லிட்டாங்க. மேரு ரோட்ல குதிரையப் பாத்தா யாரும் ஹார்ன் பக்கம் கைய கொண்டு போகக்கூடாது."

சனிக்கிழமை எனக்கு லீவு. குதிரை பிடிக்காத நான், காலை ஏழரைக்கே ஒட்டுக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதலில் வெள்ளைக் குதிரை, அதற்கு அந்தப் பக்கம் மைலோ, பின்னால் சிவநேசனின் கார். அக்காவின் இரண்டு கைகளும் கடிவாள வாரிலேயே இருந்தன. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சமையல்தான்.

முதல் லோரி பின்னாலிருந்து வந்தது. வேகத்தைக் குறைத்து, அகலமாக விலகிப் போனது. சத்தமில்லை. இரண்டாவதும் அப்படியே. ஒட்டுக்கடைக்காரர் பழக்கத்தில் கையைத் தூக்கப் போனார். நான் எட்டிப் பிடித்து அமுக்கினேன்.

மூன்றாவது, எதிரே வந்த ஷாஹுலின் லோரி. கிட்டத்தட்ட நடை வேகத்தில் வந்தது. அக்காவின் வலது கை வாரிலிருந்து ஒரு விரல் அளவு எழுந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. கை மறுபடி இறங்கியது. லோரியின் முன்விளக்கு இரண்டு தடவை மின்னி அணைந்தது. மைலோ ஒரு காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு நடந்துகொண்டே இருந்தது.

திடலில் சிவநேசன் காரிலிருந்து இறங்கி, "போர்ட்டிக்சனுக்கு இல்லன்னு சொல்லிடுறேன்லா" என்றார். அக்கா தலையை ஆட்டினார், சேணத்தை அவிழ்த்தார். எல்லாரும் போனபிறகு நான் கிட்டே போனேன்.

"ஷாஹுல் அண்ணன் லைட் அடிச்சாருல்ல, பாத்தீங்களா?"

"லைட்டா? நான் மைலோ காதத்தான் பாத்துக்கிட்டு வந்தேன்." மைலோவைத் தேய்த்துக்கொண்டிருந்த பிரஷ் நின்றது. "எத்தன தடவ?"

"ரெண்டு தடவக்கா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மைலோவின் பிடரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். மைலோ அசையாமல் நின்றது. நான் பிரஷ்ஷை வாங்கி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குதிரையைத் தேய்த்துவிட்டேன்.