நூற்றிருபது நடை

சர்ச்சின் மதில் இருநூற்றுப் பத்து அடி. மூலைக்கு மூலை நானே டேப் பிடித்து அளந்தது. இரண்டு பக்கமும் நாற்பத்தைந்து அடி கூடுதலாக விட்டால் முந்நூறு அடி. என்னுடைய ஒரு நடை இரண்டரை அடி. ஆக நூற்றிருபது நடை. ஆடி மாதம் எங்கள் மாரியம்மன் ஊர்வலம் அந்தச் சாலையில் போகும்போது மேளம் சத்தமில்லாமல் வர வேண்டிய தூரம் அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு தொடங்கியபோது எனக்கு இருபத்து நான்கு வயது. சுரங்கத்தின் சர்வே ஆபீஸில் இருந்தேன். அந்த வருடம் ஊர்வலத்துக்கு ஒரு மாதம் முன்பு, ஒரு கல்யாண மேளம் சர்ச் வாசலில் நின்று அடித்ததில் சண்டை வந்து, இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்பது பேருக்குத் தையல் போட்டார்கள். அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் மறுநாள் காலை ஷிப்டுக்கு, சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் ஒரே கேஜில் ஏறிக் கீழே போனார்கள். கேஜ் அடியைத் தொடுவதற்குள் பேசி சமாதானமாகிவிட்டார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அது பொய். ஏழு கூட்டம் நடந்தது. நான்கில் நான் இருந்தேன்.

முடிவு இதுதான். அம்மன் ஊர்வலம் சர்ச்சைத் தாண்டும்வரை மேளம் நிற்கும். செப்டம்பரில் மாதா தேர் கோயிலைத் தாண்டும்வரை பேண்டு நிற்கும். எல்லைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஒரே வாரத்தில் இரண்டு கோடும் பத்துப் பத்து அடி நகர்ந்திருந்தன, ஒன்று அவர்களுக்குச் சாதகமாக, ஒன்று எங்களுக்குச் சாதகமாக. சர்ச் பக்கத்து மேஸ்திரி ஒருவர் என்னைக் காட்டிச் சொன்னார்: "கோடு ராத்திரில எழுந்து நடக்குதுபா. இந்த ஆளு பகல்லயே அளந்துதான் நடக்கறான். இவன எண்ணச் சொல்லுங்க. இவன் கால எவனும் சுரண்ட முடியாது."

அதிலிருந்து இரண்டு ஊர்வலத்துக்கும் நான்தான் முன்னால் நடப்பேன். வலது கையைத் தூக்கினால் சத்தம் நிற்கும். எண்ணி முடித்து இறக்கினால் மறுபடி தொடங்கும். சர்ச்சுக்கு நூற்றிருபது, கோயிலுக்கு அறுபத்து நான்கு. இந்த ஆடியோடு ஐம்பத்திரண்டு ஆடி, ஐம்பத்தொரு செப்டம்பர். கொரோனாவில் போன நான்கைக் கழித்தால் தொண்ணூற்றொன்பது ஊர்வலம். சுரங்கத்தை மூடினார்கள், கம்பெனி ஆஸ்பத்திரியை மூடினார்கள், பிள்ளைகள் பெங்களூர் ரயிலில் ஏறப் பழகினார்கள். கை தூக்குவது மட்டும் நிற்கவில்லை. எனக்கு இதில் பக்தி ஒன்றும் கிடையாது. எண்ணும்போது சாமியை நினைத்ததில்லை. நினைத்தால் கணக்கு விட்டுப்போகும்.

ஒன்றரை வருடத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. பிளேட் வைத்தார்கள், ஆறு ஸ்க்ரூ. மூன்று மாதத்தில் கைத்தடியோடு நடந்தேன். போன வருடம் இரண்டு ஊர்வலத்திலும் தடியை இடது கையில் பிடித்துக்கொண்டு எண்ணினேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் சுரங்கக் குடியிருப்பு வரிசையில் பக்கத்து வீடு என் நண்பனுடையது. அவன் டிரில்லர். பாறையில் துளை போட்டுப் போட்டு நெஞ்சில் தூசி தங்கியவன், நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குவான். கிறிஸ்தவன். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். இந்த வருடம் ஆடி பிறப்பதற்குச் சற்று முன் அவன் மனைவி இறந்துபோனாள். முப்பதாம் நாள் பூசைக்குப் பாதிரியார் கொடுத்த நேரம் ஞாயிறு சாயங்காலம் ஐந்தரை. எங்கள் ஊர்வலமும் அதே ஞாயிறு, அதே நேரம்.

"நேரத்த மாத்தச் சொல்லவா?" என்று கேட்டான்.

"எதுக்கு? மேளம் நிக்கும். நான் கீறேன் இல்ல?"

அவன் என் கைத்தடியைப் பார்த்தான். "நீ கீற மச்சான்," என்றான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான்.

பூசைக்கு நானும் உள்ளே இருந்திருக்க வேண்டும். அவள் கையால் எத்தனை வருடம் கிறிஸ்துமஸ் பலகாரம் தின்றிருக்கிறேன். வெளியே எண்ண வேண்டியிருந்ததால் போகவில்லை. அவள் காதில் சத்தம் விழாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு பூசைதான் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைத்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்குச் சாலையில் குழி அதிகம். மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் தலையைக் குனிந்து காலைப் பார்த்தபடியே நடந்தேன். நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பத்தொன்பது, நூற்றிருபது. கையை இறக்கினேன். பின்னால் தமட்டை தொடங்கியது. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். வலது பக்கம் இன்னும் மதில் இருந்தது.

மேளக்காரர்கள் எனக்கு நாற்பது அடி பின்னால் வருவார்கள். அதாவது, சர்ச் வாசலைத் தாண்டிப் பத்தடிகூடப் போகவில்லை.

நண்பனின் மகன்தான் முதலில் வெளியே வந்தான். நாற்பத்தொரு வயது, தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய் வருகிறவன். கையில் பூசைப் புத்தகம் இருந்தது.

"எங்கம்மாவுக்குப் பூச நடக்குதுடா. நிறுத்துங்கடா!"

தமட்டைக்காரன் எங்கள் வரிசைப் பையன்தான், கல்யாணமாகி ஒரு வருடம். "கை எறங்கிடுச்சுண்ணா. தாத்தா கணக்கு முடிஞ்சுது," என்றான்.

"இன்னாடா கணக்கு? கண்ணு தெரியல? வாசல்ல நின்னுக்கினு அடிக்கற!"

எங்கள் கூட்டத்தில் யாரோ ஒருவன் சொன்னான்: "எப்பவும் நாங்களேதான் நிறுத்தணுமா? வருசாவருசம் வாயப் பொத்திக்கினு போறதுக்கு இது இன்னா ஒங்கப்பன் ரோடா?"

நான் கையை மறுபடி தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. ஐம்பத்திரண்டு வருடத்தில் இறக்கிய கையை மறுபடி தூக்கும் வேலை எனக்கு வந்ததில்லை, அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. தள்ளுமுள்ளு, பிறகு கல். மறுநாள் காலை சாலையில் பதினேழு கல் எண்ணினேன். அதில் ஒன்று நண்பன் மகனின் இடது கண்ணில் பட்டது. எந்தக் கல், யார் கை, இன்றுவரை தெரியாது. அவன் சத்தம் போடவில்லை. புத்தகத்தை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

கண் போய்விட்டது.

தமட்டைக்காரனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழிபாட்டைக் கெடுக்க வேண்டுமென்றே வாசலில் அடித்தான் என்று வழக்கு. பதினாறு நாள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தான். வாரம் ஒருநாள் ஸ்டேஷனில் கையெழுத்து.

அந்த நாட்களில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டேன். மாத்திரை ஐந்தும் வேளைக்குப் போட்டேன். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, கூடத்தில் டேப்பை விரித்து நடந்து பார்த்தேன். ஒரு நடை இருபது அங்குலம். திரும்ப நடந்தேன். இருபது அங்குலம். நூற்றிருபது நடைக்கு இருநூறு அடி. நூறு அடி குறைவு. எண்ணிக்கை ஒன்றுகூடத் தப்பவில்லை. கால்தான் சிறுத்துப்போயிருந்தது. முப்பத்தாறு வருடம் அளவு வேலை செய்தவனுக்கு, அளவுகோலை அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்பது தெரியாதா? அந்தக் கோல் என் கால் என்பதால் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் சாந்திக் கூட்டம் போட்டார்கள். மதம் மனிதனை அடித்துக்கொள்ளச் செய்கிறதா, அணைத்துக்கொள்ளச் செய்கிறதா என்று பதினோரு பேர் பேசினார்கள். பாலகாட் மைன்ஸ் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர், எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்றார். மைசூர் மைன்ஸிலிருந்து வந்தவர், மதம் இல்லையென்றால் இந்தக் கல்லே பறந்திருக்காது என்றார். இரண்டுக்கும் கை தட்டினார்கள். நான் எழுந்து, மேளம் அடித்தது என் தப்பு, என் நடை குறைந்துவிட்டது, நூறு அடி, என்றேன். இன்ஸ்பெக்டர் கன்னடத்தில், "கூத்கொள்ளி, யஜமான்ரே" என்று மரியாதையாக உட்காரச் சொன்னார். வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள் என்றார். வெளியே வரும்போது எங்கள் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் என் தோளைப் பிடித்தார்.

"இன்னா பெரியவரே, நீங்க ஒண்ணு. எங்க பசங்க தைரியமா அடிச்சாங்கன்னு ஊரே பேசுது. நீங்க போயி காலு கட்டையாயிடுச்சுன்றீங்க."

"அந்தப் பையன் மேல கேசு இருக்கு."

"சாமிக்காகக் கேசு வந்தா அது கேசா?"

அந்தப் பையனின் மனைவிக்கு ஏழாவது மாதம். அதை அவரிடம் சொல்லவில்லை.

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். ஸ்டேஷனுக்குக் கொண்டு போகும் முன் பக்கத்து வீட்டில் காட்ட வேண்டும் என்று பட்டது. மதியம் மூன்று மணி. நண்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மகன் கண்ணில் கட்டோடு நாற்காலியில் இருந்தான். நண்பன் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தான்.

"போன வருசமே குறைஞ்சுது மச்சான்," என்றான். "சர்ச் கேட்டாண்ட நின்னு பாத்தேன். மதில் மூலைக்கு வந்ததுமே கைய எறக்கிட்ட. முன்னல்லாம் அதத் தாண்டிப் போவ."

"ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? அப்பத்தான் ஆஸ்பத்திரிலேந்து வந்து எழுந்து நடக்கற. ஒனக்குன்னு கீறது அந்தக் கணக்கு ஒண்ணு. அதயும் தப்புன்னு சொல்லவா?" மூச்சு வாங்கினான். "இந்த வருசம் எப்படியாவது சொல்லணும்னுதான் இருந்தேன். அன்னிக்கு நேரத்த மாத்தவான்னு கேட்டேன் பாரு, அதுக்குத்தான் கேட்டேன். நீ கீறேன்னு சொன்ன. வாய் வரல."

மகன் கையை நீட்டித் தாளை வாங்கினான். ஒரு கண்ணால் படிக்க இன்னும் பழகவில்லை, தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்தான். படித்து முடிக்க வெகுநேரமானது.

"அப்போ இது காலடிக் கணக்கா மாமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சர்ச்சுல வாரம் தவறாம எனக்காக ஜெபம் பண்றாங்க. விசுவாசத்துக்காகக் கண்ணக் குடுத்தவன்னு பாதர் சொன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போற ரயில்ல தெரியாதவங்ககூட எழுந்து சீட்டு குடுக்கறாங்க. ராத்திரி அத நெனச்சாத்தான் தூக்கம் வருது. நீங்க நூறடின்றீங்க."

"டேய்," என்றான் நண்பன்.

"நைனா, நீ சும்மா இரு. நீயும் சேந்து மறச்ச." தாளை மடித்து என்னிடம் கொடுத்தான். "அந்தப் பையன் பாவம். கொண்டுபோய்க் குடுங்க மாமா. என்னை மட்டும் இத நம்பச் சொல்லாதீங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னான். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். கேட்டால் அவனிடம் மிஞ்சியிருந்ததையும் வாங்கிக்கொண்டதுபோல் ஆகும் என்று தோன்றியது. தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டேஷன். ரைட்டர் தாளைப் படித்தார். அவருக்குத் தமிழ் தெரியும். "இதுக்கு சாட்சி யாரு?" என்றார்.

"என் கால்தான்."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு கான்ஸ்டபிள் டேப் கொண்டுவந்தார். ஸ்டேஷன் முற்றத்தில் கொடிக்கம்பத்தின் அடியிலிருந்து பன்னிரண்டு நடை நடக்கச் சொன்னார்கள். அன்று கையெழுத்து நாள். தமட்டைக்காரன் வேப்பமரத்தடியில் இரண்டு பேரோடு காத்து நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கைகட்டிக்கொண்டான்.

"நடங்க தாத்தா. எப்பவும் நடக்கற மாதிரி," என்றார் ரைட்டர்.

நடந்தேன். அத்தனை பேர் பார்க்கும்போது கால் தானாகவே நீண்டு விழப் பார்த்தது. தடியை ஊன்றி அதை அடக்கி, கூடத்தில் வைத்த மாதிரியே வைத்தேன். பன்னிரண்டாவது நடையில் நின்றேன். கான்ஸ்டபிள் குனிந்து என் குதிகால்வரை டேப்பை இழுத்துப் பிடித்து, "இருபது அடி சார்," என்றார்.

ரைட்டர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பையன் என்னைப் பார்க்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.