ஆறு ஜீப்பும் ஒரு தாளும்

சூரியநெல்லி ஜீப் ஸ்டாண்டில் வேலுத்தாயின் தொண்டைக்குத் தனி மரியாதை உண்டு. தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில் மேல்மலையில் நின்றபடி கீழ்மலைக்காரிகளை வம்புக்கு இழுத்துப் பழகிய தொண்டை அது. முழங்கால் தேய்ந்து சரிவில் ஏற முடியாமல் போனபோது, "முட்டிதான போச்சு, தொண்ட நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டு, ஸ்டாண்டுக்காரர்கள் அவளைத் தகரக் கூண்டுக்குள் உட்காரவைத்தார்கள்.

வேலை இதுதான். கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் வந்து பதிவு செய்வார்கள். வரிசையில் முன்னால் நிற்கும் ஜீப்புக்கு முதலில் வருகிறவர்களை அனுப்ப வேண்டும். அடுத்த வண்டிக்கு அடுத்தவர்களை. புது வண்டி, பழைய வண்டி, பேச்சுக்காரன், உம்மணாமூஞ்சி என்ற பேதம் கிடையாது. இதற்கு ஸ்டாண்டில் டேர்ன் என்று பெயர். டேர்ன் தப்பினால் அண்ணன் தம்பிகூட ஒரு மாதம் பேசிக்கொள்ள மாட்டார்கள். வேலுத்தாய் அதில் ஒருநாளும் தப்பியதில்லை.

இந்த வருஷம் சித்திரையிலேயே ஸ்டாண்ட் ஈ ஓட்டியது. வருகிறவர்கள் எல்லாம் போனிலேயே எங்கெங்கோ வண்டி பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருநாள் ஸ்டாண்ட் தலைவர் பழனிச்சாமி கூண்டுக்கு முன்னால் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துப் பேசினார்.

"மழை பிடிச்சதும் கூண்ட எடுத்துரலாம்னு இருக்கோம் தாயி. ஆளே வராத எடத்துல டேர்ன் கூப்பிட ஆளு எதுக்கு?"

கூண்டு போனால் வேலுத்தாய்க்கு மிச்சமிருப்பது எஸ்டேட்டில் களை வெட்டுதான். களை வெட்டு என்றால் மறுபடி சரிவு.

"பாஸ்கல் சாரு மடிப்பு நோட்டீஸ் கேட்டாரே, அது என்னண்ணே ஆச்சு?" என்றாள்.

பாஸ்கல் பெரிய ஓட்டல் ஒன்றின் மேனேஜர். மூன்றாக மடித்த அழகான நோட்டீஸ் ஒன்றைத் தந்தால் வரவேற்பு மேசையில் வைக்கிறேன், வெள்ளிக்கிழமை நிறையப் பேர் வந்து இறங்குகிறார்கள், அதற்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"மூணாறு பிரஸ்ல திருவிழா நெருக்கடியாம். ரெண்டு வாரம் ஆகுமாம்."

"நான் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தாரேன்."

பழனிச்சாமி டயரை விட்டுவிட்டு முதல் தடவையாக அவளைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

"கிளாஸ் போனேன்லா" என்றாள் வேலுத்தாய். பெண்கள் குழுவில் நடந்த வகுப்புக்குப் போனது உண்மைதான். அங்கே அவள் அடித்தது ஒரே ஒரு லீவு லெட்டர் என்பதையும், முட்டி போய் வீட்டில் இருந்த அந்தக் காலத்தில் யாரிடம் லீவு கேட்பது என்று தெரியாமல் சாஸ்தா கோயில் பூசாரிக்கு அதை எழுதினாள் என்பதையும் சொல்லவில்லை.

ஸ்டாண்டுக்கு எதிரே நிமியின் ஜெராக்ஸ் கடை. நிமி அவசரக்காரி, ஆனால் நல்லவள். வேர்டைத் திறந்து, தாளைப் படுக்கவைத்து, குறுக்கே மூன்று பத்தியாகப் பிரித்துக் கொடுத்தாள். "ஒண்ணு நெறஞ்சா அதுவா அடுத்ததுக்குப் போகும் சேச்சி. பேடிக்கண்டா" என்று மலையாளத்தில் தைரியம் சொல்லிவிட்டு, ஆதார் நகல் கேட்டு நின்றவரைக் கவனிக்கப் போனாள்.

வேலுத்தாய் திரையை உற்றுப் பார்த்தாள். சட்டென்று முகம் தெளிந்தது. "அட, இது நெறைல்லா!"

தேயிலைக் காட்டில் இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவே ஒருத்திக்கு ஒதுக்குகிற பாதைதான் நெறை. ஒரு நெறையை முடித்தால் பக்கத்து நெறை. பாதியில் விட்டு அடுத்ததில் நுழைந்தால் கங்காணி கத்துவான். அவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் நெறையில் 'வருக வருக' என்று அடித்துக்கொண்டு உற்சாகமாக இறங்கினாள்.

எழுத்து வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. ஜீப் படத்தை உள்ளே வைத்ததுதான் தாமதம், யானை வந்தால் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டு ஜனம் சிதறுவதுபோல எழுத்துகளெல்லாம் தலைதெறிக்க ஓடின. 'வருக' ஒரு மூலையில், இன்னொரு 'வருக' அடுத்த பக்கத்தில். படம் மட்டும் நட்டநடுவே அசையாமல் நின்றது.

"நிமி! ஓடிப்போச்சு, எல்லாம் ஓடிப்போச்சு!"

நிமி எட்டி வந்து இரண்டு விசைகளை ஒன்றாக அழுத்தினாள். எல்லாம் பழையபடி திரும்பி வந்தது.

"இது என்ன வித்தை?"

"செய்ததைத் திருப்பி எடுக்கிறது சேச்சி."

வேலுத்தாய் அந்த விசைகளைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். "இப்படி ஒண்ணு கல்யாணத்துக்கு முன்னால நம்ம கையில இருந்திருக்கணும்" என்றாள். ஆதார் நகலுக்கு நின்றவர் தன்னை மறந்து தலையாட்டினார்.

படம் அடங்கிய பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. முகப்பில் யாருடைய ஜீப்?

"தலைவர் வண்டியப் போடு" என்றார் பழனிச்சாமி.

"ஏண்ணே, தலைவர் வண்டிக்கு மட்டும் ஏழு டயரா?" என்றான் மாரீஸ்வரன். ஸ்டாண்டிலேயே இளையவன், வாய் நீளம். "டேர்னுன்னா எல்லாத்துலயும் டேர்ன்தான். நோட்டீஸ்ல மட்டும் நீங்க எப்படி முன்னால நிப்பீக?"

"அவன் சொல்றதும் நியாயந்தானே" என்றான் ரிஜின். அவன் வண்டி போன வாரம்தான் பெயிண்ட் அடித்து வந்திருந்தது. அவன் நியாயம் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வேலுத்தாய் யோசித்தாள். ஸ்டாண்டில் ஆறு ஜீப். தாளில் இந்தப் பக்கம் மூன்று நெறை, அந்தப் பக்கம் மூன்று நெறை. ஆளுக்கொன்று. அன்றைய டேர்ன் வரிசையிலேயே படத்தை வைத்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. முதல் நெறை பழனிச்சாமிக்கு. வரவேற்பு வாசகம் அவர் படத்துக்குக் கீழே. மூன்றாவது மாரீஸ்வரன். இருதயக் கோளாறு உள்ளவர்கள், முதுகுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள் வர வேண்டாம் என்கிற எச்சரிக்கையை எங்காவது போட்டாக வேண்டும். வயசில் சின்னவன், பொறுத்துக்கொள்வான் என்று அதை அவன் படத்துக்குக் கீழே போட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு பேரும் நிமியின் கடையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பிரிண்டர் முனகிக்கொண்டே முதல் தாளைத் துப்பியது. பழனிச்சாமி அதைக் கும்பிட்டு வாங்கினார். தன் படத்தைப் பார்த்தார், மீசையைத் தடவினார், தாளைத் திருப்பினார். முகம் செத்துப்போனது.

அந்தப் பக்கத்து மூன்று ஜீப்பும் தலைகீழாகக் கிடந்தன. சக்கரம் வானத்தைப் பார்த்திருந்தது.

"என் வண்டியக் கவுத்துப்புட்டியே அக்கா!" என்று ரிஜின் அலறினான்.

அந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவன் 'கவுந்துச்சு' என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூட வாயில் எடுக்க மாட்டான். காப்பி டம்ளர் கவிழ்ந்தால்கூடச் 'சாஞ்சிருச்சு' என்றுதான் சொல்வான். இங்கே பிரிண்டர் மூன்று பேர் வண்டியைப் பெயர் போட்டு, கலரில், கவிழ்த்து வைத்திருந்தது. ரிஜின் சிலுவை போட்டுக்கொண்டான். இன்னொருத்தன் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கிவந்தான்.

"தாளைத் திருப்பி வெச்சதுல வந்த தப்பு. இதா, மாத்தித் தரேன்" என்று நிமி மன்றாடியது யார் காதிலும் ஏறவில்லை. பழனிச்சாமி கற்பூரத்தை ஏற்றிப் பிரிண்டரை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"அய்யோ, பழத்த மெஷின்மேல வெக்கல்லே அண்ணா!"

கடைசியில் பழம் பிரிண்டரின் காலடியில் நசுங்கியது. நிமி தாளை மாற்றி வைத்தாள். ஜீப்புகள் நிமிர்ந்தன. கூட்டம் மூச்சு விட்டது. வேலுத்தாயும் மூச்சு விட்டபடி தாளை மூன்றாக மடித்தாள். பழனிச்சாமி இருந்த பக்கம் அடியில் இருக்க, வலது ஓரத்தை உள்ளே மடக்கி, அதன்மேல் இடது ஓரத்தை மூடிக் காட்டினாள்.

முகப்பில் மாரீஸ்வரன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'இருதயக் கோளாறு உள்ளவர்கள் வர வேண்டாம்.' பழனிச்சாமியும் அவருடைய 'வருக வருக'வும் மடிப்புக்குள்ளே போய் ஒளிந்துகொண்டிருந்தார்கள்.

"நான் எங்க?" என்றார் பழனிச்சாமி.

"உள்ள இருக்கீகண்ணே."

"தலைவன உள்ள போட்டு மூடிட்டு, வராதேன்னு வாசல்ல போர்டு வச்சிருக்க!"

"நான் அப்பவே சொல்லல? டேர்னு பாருங்க, தானா என்கிட்ட வந்திருச்சு" என்றான் மாரீஸ்வரன். பழனிச்சாமி அவனை நோக்கிப் பாய, ரிஜின் நடுவே புகுந்தான். நிமி பிரிண்டரைக் கட்டிக்கொண்டாள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடிக்க நேரமில்லை. வேலுத்தாய் தாளை விரித்து விரித்து மடித்துப் பார்த்தாள். ஓரங்களை மடிக்கிற வரிசையை மாற்றினாள். பழனிச்சாமி மேலே வந்தார். தாளைக் குப்புறப் போட்டு வேறுமாதிரி மடித்தாள். ரிஜின் வந்தான். இரண்டு ஓரத்தையும் பின்னால் தள்ளினாள். நடுநெறைக்காரன் வந்தான்.

"எல்லாரும் நிறுத்துங்க!" மைக் இல்லாமலே கடை அதிர்ந்தது. "முன்னால நிக்கிறது தாள்ல இல்ல, மடிப்புல இருக்கு. இந்தா பாருங்க. ஆறு பேரையும் முன்னால நிறுத்தலாம்."

ஆறு பேரும் ஆளுக்கொரு தாளை வாங்கி மடித்துப் பார்த்தார்கள். எல்லோருடைய கையிலும் அவரவரே முன்னால் இருந்தார்கள். அதற்கப்புறம் சண்டையில்லை. தரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கட்டு மடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் பாஸ்கல் கட்டுகளை வாங்கிப் புரட்டினார். "என்ன இது, ஆறு கம்பெனியா?"

"ஒரே ஸ்டாண்டு சார். ஆறு முகம்" என்றாள் வேலுத்தாய்.

"முருகனுக்குத்தான் ஆறு முகம்னு நினைச்சேன்" என்று சிரித்தபடி அவர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார்.

அன்று சாயங்காலம் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. வந்தவர்களில் முக்கால்வாசி இளவட்டங்கள். அத்தனை பேர் கையிலும் மாரீஸ்வரன். இருதயக் கோளாறு உள்ளவர்கள் வர வேண்டாம் என்றால் அங்கே ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். "இந்த அண்ணன் வண்டிதான் வேணும்" என்று கூண்டைச் சூழ்ந்துகொண்டார்கள். வரிசையில் முதலில் நின்றது பழனிச்சாமி. மாரீஸ்வரனோ மூன்றாவது. ஆனாலும் அவன் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அடுத்தவன் சவாரி மேல கை வைக்காதல" என்று பழனிச்சாமி உறுமினார்.

"அவங்களா கேக்காங்க, நான் என்னண்ணே பண்ண?"

வேலுத்தாய் கூண்டுக்குள்ளிருந்து கையை நீட்டினாள். முன்னால் நின்ற கண்ணாடிக்காரப் பையனிடமிருந்து தாளை வாங்கினாள். விரித்தாள், இரண்டு மடிப்பு மடித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க மடிச்சதுல தப்பு தம்பி. இன்னைக்கு இவருதான் முன்னால. அதே மலை, அதே குழி, அதே குலுக்கல். காலைல இவரு வண்டில ஏறுங்க."

பையன் தாளையும் பழனிச்சாமியின் மீசையையும் மாறிமாறிப் பார்த்தான். அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுப் பழனிச்சாமி வண்டிக்கே பெயர் கொடுத்தான். ஒவ்வொருத்தராக நீட்ட நீட்ட, வேலுத்தாய் மடித்து மடித்துக் கொடுத்தாள். மாரீஸ்வரனைத் தேடி வந்தவர்கள் ரிஜின் வண்டிக்குப் பதிவானார்கள், ரிஜினைத் தேடி வந்த ஒரே ஒரு குடும்பம் மாரீஸ்வரன் வண்டிக்குப் பதிவானது. ஆறு வண்டிக்கும் ஆள் நிறைந்தது.

கூட்டம் கலைந்த பிறகு பழனிச்சாமி கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, அடுத்த அச்சுல என் படத்துக்குக் கீழயும் ஏதாச்சும் ஒரு நோயப் போட்டு விடு."

"அடுத்த அச்சு மழை முடிஞ்சுதானண்ணே? அப்ப நான் எங்க இருப்பேனோ, யார் கண்டா."

"எங்க போவ? நீ இல்லன்னா இவனுங்க தாள ஆளுக்கொரு பக்கம் மடிச்சுட்டு அடிச்சுக்கிட்டுச் சாவானுங்க." பழனிச்சாமி கூண்டின் கூரையைத் தட்டிப் பார்த்தார். தகரம் கடகடவென்று ஆடியது. "மழைக்கு முன்னால இத மாத்தணும். ரிஜின ஏறச் சொல்லுதேன்."

வேலுத்தாய் சரி என்று தலையாட்டினாள். பிறகு கேட்டாள்:

"என்ன நோயிண்ணே போட?"

பழனிச்சாமி மீசையை முறுக்கினார்.

"பெருசா எதாவது போடு. மாரீஸ்வரனோடத விடப் பெருசா இருக்கணும்."