வேலிக்கு அந்தப் பக்கத்துப் புழுக்கள்

அலவத்துகொடயில் கைரியா டீச்சரிடம் விஞ்ஞானம் படிக்காத பெண்கள் குறைவு. நானும் படித்தவள்தான். ஓய்வு பெற்ற பிறகும் டீச்சர் பாடம் நடத்துவதை விடவில்லை. "பிராணிக்குப் பசி உண்டு, பயம் உண்டு. பொறாமை மனுசனுக்கு மட்டும்தான்" என்று மீன் கடையில் நின்றுகூடச் சொல்வார். சொல்லிவிட்டு, தான் அந்த மனிதரில் சேர்த்தி இல்லை என்பது போல நடப்பார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. நம் இலங்கையில் மட்டும் வாழும், கறுப்பும் மஞ்சளுமான அந்தப் பெரிய வண்ணத்துப்பூச்சி தன் தோட்டத்தில் முட்டையிட வேண்டும். அது சப்சந்தக் கொடியைத் தேடி வரும் என்பதால், கெலிஓயாவில் தெரிந்தவர் வீட்டில் கன்று வாங்கி, பந்தல் போட்டு, பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தார். வருசங்கள் போயின. கொடி கொழுத்தது. பூச்சி எட்டிப் பார்க்கவில்லை.

பக்கத்து வீடு டீச்சரின் தம்பியுடையது. தம்பியின் மனைவி றம்லத்துக்குச் செடி என்றால் கறிவேப்பிலையும் ரம்பையும்தான். அவளுடைய கோழிக்கூட்டுக்குப் பின்னால் அதே கொடி தானாக முளைத்துக் கிடந்தது. பூச்சி அங்கே போய் முட்டையிட்டது.

"மதினி, கூட்டடியில என்னமோ முள்ளுப் புழு ஈக்கு. கோழியும் திங்குதில்ல. நாளைக்கு மருந்தடிக்கணும்" என்றாள் றம்லத்.

போய்ப் பார்த்த டீச்சருக்கு வயிறு பற்றி எரிந்தது. உடம்பெல்லாம் சதைமுள்ளாக, நடுவில் வெள்ளைப் பட்டியோடு, அதே பூச்சியின் புழுக்கள். மருந்தடிக்காதே, இது அபூர்வம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஊரே றம்லத்தின் கோழிக்கூட்டைப் பார்க்க வருமே. றம்லத் ளுஹர் தொழப் போன நேரம் பார்த்து, ஐஸ்கிறீம் டப்பாவோடு வேலியைத் தாண்டினார். எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றால் இரண்டு தோட்டமும் தெரியும். புழுக்கள் பந்தலுக்குக் குடிபோனதை நானும் பார்த்தேன்.

கூட்டடியில் ஒரு புழுவும் இல்லாததைக் கண்டு, பின்னேரம் றம்லத் ஒரு கோப்பை வட்டிலப்பத்தோடு வந்தாள். "அருவருப்புப் பார்க்காம எனக்காகப் பொறுக்கிட்டீங்களே மதினி." டீச்சர் அதைச் சாப்பிட்டார். எப்படி இறங்கியதோ, அவருக்குத்தான் தெரியும்.

கூடு உடைத்துப் பூச்சிகள் வந்த செய்தி பேராதனைப் பல்கலைக்கழகம் வரை போயிற்று. அங்கிருந்து சுதர்சினி என்ற ஆய்வாளர் வந்தார். வீட்டுத் தோட்டத்தில் நட்டு வளர்த்த கொடியை இந்தப் பூச்சி தேடி வருமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன்.

"முட்டை வச்சது நீங்க நட்ட கொடியிலதானா டீச்சர்? எனக்கு அதுதாங்க முக்கியம்."

ஒரு பொய்த் தரவு ஆராய்ச்சியையே கெடுத்துவிடும் என்று எங்களுக்குப் படிப்பித்த வாய் அது. "ஓம், இந்தக் கொடியிலதான்" என்றது.

தேத்தண்ணித் தட்டோடு றம்லத் வாசலில் நின்றாள். டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வாளர் அவள் பக்கம் திரும்பி, "நீங்களும் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"ஓம். மதினிட கொடியிலதான் ஈந்திச்சு" என்று சொல்லி றம்லத் தட்டை வைத்தாள்.

ஆய்வாளர் போனதும் டீச்சர் மெதுவாகக் கேட்டார். "ஏன் அப்படிச் சொன்ன?"

"புழுதானே மதினி. நீங்க எவ்வளவு ஆசப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா? தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அதுவரை டீச்சர் எரிந்ததெல்லாம் றம்லத்தின் கொடியைப் பார்த்துத்தான். உண்மையான பொறாமை அவருக்கு அன்றைக்குத்தான் வந்தது.