இருபதில் நின்ற முள்

1973 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து கிணற்றடியில் முகம் கழுவினேன். பக்கத்து வாழைத்தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் ஆறு மணிக்குத் தொடங்கியது. ஆறரைக்குச் சாமிப்படத்துக்குப் பூ வைத்தேன். ஏழு மணிக்குப் புட்டும் கதலி வாழைப்பழமும். சனிக்கிழமை அப்பா எண்ணெய் தேய்த்து முழுகும் நாள், அன்று முழுகவில்லை. நீர்வேலியில் எங்கள் வீட்டில் அந்த ஒழுங்கு தவறியது நான் அறிய அதுவே முதல் தடவை என்பதால் என் கொப்பியில் அதைக் குறித்துக்கொண்டேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

முழுகாததற்குக் காரணம் கார். எங்களுடையது பழைய ஏ-40. வேகம் காட்டும் மீற்றர் முந்திய செவ்வாய்க்கிழமை பின்னேரம் நின்றுவிட்டது. வேறு வீடுகளில் இது ஒரு பொருட்டே அல்ல. ஊரில் ஓடிய பழைய கார்களில் பாதிக்கு மேல் மீற்றர் வேலை செய்வதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் மீற்றர் இல்லையென்றால் கார் இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன் பருத்தித்துறைக்குப் போகும் வழியில், வல்லை வெளியில் ஒரு வாடகைக் கார் புரண்டது. முன் ஆசனத்தில் இருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, அந்த இடத்திலேயே இறந்துபோனார். பின்னால் இருந்த அம்மா ஒரு கீறலும் இல்லாமல் எழுந்து வந்தார். அதன்பிறகு ஆறு மாதம் எந்த வாகனத்திலும் ஏறவில்லை. அப்பா கெஞ்சினார். கடைசியில், முள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்துகொண்டுதான் வருவேன், அது ஒரு கணக்கைத் தாண்டக்கூடாது என்று அம்மா ஒப்புக்கொண்டார். அப்பா மணிக்கு முப்பது மைல் என்றார், அம்மா பதினைந்து என்றார், இருபதில் தீர்ந்தது. அன்றுமுதல் அம்மா பின் ஆசனத்தின் நடுவில் இருந்து, பருத்தித்துறை போய்ச் சேரும்வரை அந்த முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். பஸ்ஸில் முள்ளைப் பார்க்க வசதியில்லை. ஆகவே பஸ் கிடையாது.

முதல் மாதம் அப்பா பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது. பள்ளிக்கூடப் பெடியன்கள் சைக்கிளில் எங்களை முந்திப் போனார்கள். ஒருவன் திரும்பிப் பார்த்து, “ஐயா, இறங்கித் தள்ளிவிடோணுமோ?” என்று கேட்டான். பிறகு எந்தச் சைக்கிளும் எங்களை முந்தியதாக நினைவில்லை. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. கார் வெளிக்கிட்டு மூன்றாம் கியர் விழும்வரை முள் பூச்சியத்தில் படுத்தே கிடப்பதையும் நான் யோசிக்கவில்லை. “பழங்கார். முள்ளுக்கும் வயசு போட்டுது” என்பார் அப்பா.

வெள்ளிக்கிழமை தந்தி வந்தது. பருத்தித்துறையில் கட்டிக்கொடுத்த அக்காவை அங்கே ஆசுப்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், ஞாயிறு காலை அம்மா வந்தால் நல்லது என்று அத்தான் அடித்திருந்தார். தலைப்பிள்ளை. தாய்வீட்டில் நடக்க வேண்டிய பிள்ளைப்பேறு. அக்காவை அசைக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டதால் அங்கேயே நின்றுவிட்டது. அம்மா பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயச் சரக்கு இடித்து, பழஞ்சேலைத் துணி மடித்து, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுச் சொன்னார்:

“மீற்றர் வேலை செய்யாமல் நான் ஏறமாட்டன்.”

“அப்ப பேரப்பிள்ளை நடந்து வந்து உன்னைப் பாக்கட்டும்” என்றார் அப்பா.

“அதுக்கு முதல் திருத்திக்கொண்டு வாங்கோ.” என்னைப் பார்த்து, “நீயும் போ, பிள்ளை. பக்கத்திலை நிண்டு பார்” என்றார்.

புத்தூரில், பெருந்தெருவோரம், ஒரு கிடுகுக் கொட்டிலில் கார் திருத்தும் கராச் இருந்தது. அதை நடத்தியவருக்கு முப்பது வயதிருக்கும். நான் அவரை அண்ணை என்றேன். அப்பா நில அளவையாளர். அன்று புத்தூரில் ஒரு எல்லைக் காணி அளக்க ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு குழி நிலம் கூடக்குறைய எழுத மறுத்ததற்காக இரண்டு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்குவது அவருக்கு வழமை. தன் கைக்கடிகாரத்தை என்னிடம் தந்து, “பத்தரைக்கு வந்திடுவன்” என்றார். பிறகு அண்ணையிடம், “கேபிளை மட்டும் பாரும். மீற்றரைத் திறக்கத் தேவையில்லை” என்று சொல்லிவிட்டு அளவைப் பெட்டியுடன் நடந்து போனார்.

“முதல் சத்தம் ஏதும் கேட்டதோ, தங்கச்சி?”

“ஓம். ஒரு கிழமை கீச்சுக் கீச்செண்டு கேட்டது. முள் பதினைஞ்சுக்கும் இருபத்தைஞ்சுக்கும் நடுவிலை துள்ளினது. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு விழுந்திட்டுது.”

“டொக்டரிட்டைச் சொல்லுற மாதிரியெல்லோ சொல்லுறாய்” என்றார் அண்ணை. “அப்ப காய்ச்சல் எத்தினை பாகை?”

பின்சில்லு ஒன்றை ஜக்கு வைத்துத் தூக்கினார். மீற்றரின் பின்பக்கத்திலிருந்து கேபிளைக் கழற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போட்டார். சில்லு சுற்றியது. கேபிள் நுனி சுற்றவில்லை. “மீற்றர் பாவம், அதிலை பிழையில்லை” என்று சொல்லி உள்ளிருந்த கம்பியை இழுத்தார். முக்கால்வாசிதான் வந்தது. மிச்சம் கியர்பெட்டிப் பக்கத்தில் அறுந்து கிடந்தது. காய்ந்துபோன கம்பி, இறுக்கமான ஒரு வளைவில் வருடக்கணக்காக உரஞ்சி அறுந்திருக்கிறது என்றார். வேறொரு காரிலிருந்து எடுத்து வைத்திருந்த கம்பியை அளந்து வெட்டி, நுனியை ஈயம் பற்றவைத்துச் சதுரமாக அராவினார். கீழ்ப்பாதிக்கு மட்டும் கிறீஸ் தடவினார்.

“மேலுக்கும் பூசுங்கோவன்” என்றேன்.

“பூசினால் கம்பி சுத்திச் சுத்திக் கிறீசை மேலை ஏத்திப்போடும். பிறகு மீற்றர் குடிச்சவன் மாதிரி ஆடும்.”

ஒன்பதே முக்காலுக்கு ஓட்டிப் பார்க்கப் போனோம். முள் துள்ளாமல் எழுந்து இருபதில் நின்றது. எனக்குச் சந்தோசம். அண்ணையின் முகத்தில் மட்டும் சந்தோசமில்லை. கையை யன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தார்.

“இது இருபதில்லை, தங்கச்சி. காத்து வேறை மாதிரி அடிக்குது. உன்ரை மணிக்கூட்டிலை செக்கன் முள் இருக்கோ?”

தெருவோரம் மைல்கற்கள் இருந்தன. முள்ளை இருபதிலேயே பிடித்துக்கொண்டு அவர் ஓட்ட, ஒரு மைல்கல்லிலிருந்து அடுத்த மைல்கல்வரை நான் நேரம் பார்த்தேன். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு செக்கன். திரும்பி வரும்போதும் அதே ஐம்பத்திரண்டு. கொப்பியில் மூவாயிரத்து அறுநூறை நூற்றுப் பன்னிரண்டால் பிரித்தேன். முப்பத்திரண்டு, மீதி பதினாறு. பிழை விட்டேனோ என்று திரும்பவும் பிரித்தேன். மீதிகூட மாறவில்லை. மூன்று வருடத்துக்கு மேலாக அம்மா இருபது என்று நினைத்துக்கொண்டு முப்பத்திரண்டில் வல்லை வெளியைக் கடந்திருக்கிறார்.

கராச்சுக்கு வந்ததும், அப்பா சொன்னதை மறந்தோ மதியாமலோ, அண்ணை மீற்றரைக் கழற்றிக் கண்ணாடியைத் திறந்தார். பூச்சியத்தில் முள்ளைத் தடுத்துநிற்கும் சிறு ஆணிக்கு மேலாக முள்ளைத் தூக்கிவிட்டார். அது அங்கே நிற்காமல், எண் எதுவும் எழுதாத கறுப்பு இடத்துக்குக் கீழே போய் நின்றது.

“பாத்தியோ? ஆரோ முள்ளைக் கழட்டிக் கீழுக்கு வைச்சுப் பூட்டி, ஆணியிலை கொழுவி விட்டிருக்கினம். அதுதான் பன்னிரண்டு மைல் வரைக்கும் நித்திரை. அதுக்குப் பிறகு எல்லாத்திலையும் பன்னிரண்டு குறைய.” முள்ளின் அடியில் மயிரிழை போலக் கீறல்கள் இருந்தன. “விசயம் தெரிஞ்ச கைதான். முள் வளையேல்லை.”

முள்ளை எடுத்துச் சரியான இடத்தில் பூட்டினார். காரை வாங்கும்போதே யாரோ எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நான் முடிவுகட்டினேன். அப்பா வந்ததும் கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டும் என்ற அவதியில் தெருவைப் பார்த்தபடி நின்றேன்.

பத்து முப்பத்தெட்டுக்கு வந்தார். ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்: மைல்கல், செக்கன், பிரித்த கணக்கு, மீதி பதினாறு. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கொப்பியை வாங்கிக் கணக்கைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். கொப்பியை மூடித் திருப்பித் தந்துவிட்டு அண்ணையிடம் சொன்னார்:

“இருந்த மாதிரியே வைச்சுத் தாரும்.”

“ஐயா, இப்பதான் சரி. முந்தி இருந்தது பிழை.”

“தெரியும்.”

அண்ணை என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். “கோவிக்காதையுங்கோ. திருத்தினதைப் பிழையாக்கித் தர என்ரை கைக்கு வராது. வேணுமெண்டால் நீங்கள் செய்யுங்கோ” என்று திருப்புளியை மர வாங்கில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

அப்பாவுக்கு அது முடியாது என்று நினைத்தேன். வீட்டில் லைற் பியூஸ் போனால்கூட ஆள் கூப்பிடுகிறவர். அவர் அளவைப் பெட்டியைத் திறந்தார். திசைகாட்டியின் காந்த ஊசியைத் தூக்கும் சிறு இடுக்கியை, சாவணத்தை, எடுத்தார். மீற்றரை மடியில் வைத்து, மூச்சை அடக்கி, முள்ளின் அடியில் சாவணத்தைக் கொடுத்து ஒரு திருப்புத் திருப்பினார். முள் வளையாமல் வந்தது. கீழே, கறுப்பு இடத்தில், எங்கே என்று தேடாமல் வைத்தார். பெருவிரல் நுனியால் அமத்தினார். ஆணிக்கு மேலாகத் தூக்கி விட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய கைக்கு அந்த வேலை ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அண்ணை தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். யாருடைய கை என்று அதுவரை நான் தேடவே இல்லை.

திரும்பி வரும் வழியில், அம்மாவிடம் சொல்லாதே என்று அப்பா சொல்லுவார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. முள் இருபதில் நின்றது. வாழைக்குலை கட்டிய சைக்கிள்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

வீட்டு வாசலில் அம்மா நின்றார். அப்பா குனிந்து செருப்பைக் கழற்றினார்.

“என்ன பிள்ளை, சரியாக் காட்டுதோ?”

“ஓம் அம்மா” என்றேன். அது போதாது என்று பட்டது. நான் எப்போதும் கணக்கோடு சொல்லுகிற பிள்ளை. “மைல்கல்லுக்கு மைல்கல் நேரம் பாத்தனான். சரியா மூண்டு நிமிசம். இருபது மைல்தான்.”

அப்பாவின் கை செருப்பின் வாரிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கராச்சில் நான் அவரைப் பார்த்து எப்படித் திகைத்தேனோ, அதைவிட மேலான திகைப்பு அந்த முகத்தில் இருந்தது. நான் பொய் சொன்னதற்கா, இவ்வளவு திருத்தமாகச் சொன்னதற்கா என்று தெரியவில்லை. அம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். “நல்லது. கைகாலைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ” என்று உள்ளே போனார். அன்றைய பக்கத்தில் மைல்கல் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. கணக்குப் போட்ட மூலையையும் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஆகஸ்ட் 12, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து கிணற்றடிக்குப் போகும் வழியில் காரின் கதவு திறந்திருப்பதைக் கண்டேன். அப்பா முன் ஆசனத்தில் மீற்றரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி கழற்றியிருந்தது. திருப்பாணிகள் ஒரு கோப்பைத் தட்டில் கிடந்தன. முள்ளைத் தூக்கிச் சரியான இடத்துக்கு நேரே பிடித்திருந்தார். என்னைக் கண்டும் கையை எடுக்கவில்லை.

“முள் முப்பத்திரண்டு காட்டினால் அம்மா வரமாட்டாவே” என்றேன். “அக்கா தனிய எல்லோ?”

“இருபதிலை போவம். நேரம் போனால் போகட்டும்” என்றார். “நீ உப்பிடிக் கணக்குச் சொல்லக்கூடாது, பிள்ளை.”

முள்ளை அமத்தினார். அப்போது அம்மா சுடுதண்ணீர்ப் போத்தலோடு குசினியிலிருந்து வந்தார். திறந்த மீற்றரை, சாவணத்தை, கோப்பைத் தட்டில் கிடந்த ஆணிகளைப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை. போத்தலைப் பின் ஆசனத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் சாயாமல் நிறுத்திவைத்தார்.

“உதை இருந்த மாதிரியே வைச்சிட்டு வெளிக்கிடுங்கோ” என்றார். “அங்கை மூத்தவள் பாத்துக்கொண்டிருப்பாள்.”

அம்மாவுக்கு எப்போதிருந்து தெரியும், தெரிந்துகொண்டே ஏன் அந்த முள்ளைப் பார்த்தபடி வந்தார் என்பதெல்லாம் எனக்கு அப்போது விளங்கவில்லை. இரண்டு பேரில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று மட்டும் கணக்குப் பார்க்க முயன்றேன், அது பிரிபடவில்லை. அம்மா பின் ஆசனத்தின் நடுவில் ஏறிச் சேலையைச் சரிசெய்துகொண்டு இருந்தார். அப்பா சாவணத்தை எடுத்து முள்ளைத் திரும்பவும் கழற்றினார்.