வாகரையில் குரோஷியப் பேராசிரியரிடம் கேட்ட ஒரு கேள்வி

போன சனிக்கிழமை வாகரைக்குப் போனது கடல் பார்க்க அல்ல. குரோஷியாவில் சேதன இரசாயன (கரிம வேதியியல்) ஆய்வுகூடமொன்றுக்குத் தலைமை தாங்கிய முன்னோடிப் பெண்களில் ஒருவர் அங்கே விடுதியில் தங்கியிருப்பதாக என் பழைய விரிவுரையாளர் சொன்னார். எனக்கும் அதே துறையில் மேற்படிப்பு ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கிறது. திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். மகனுக்கு ஒன்பது மாதம். வேண்டாம் என்று எழுதத்தான் இருந்தேன். அதற்கு முன் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது.

மட்டக்களப்பிலிருந்து காலை ஆறரை பஸ். அறுபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். ஓட்டமாவடி வருமுன்பே வீட்டுக்கு மூன்று தரம் அழைத்துவிட்டேன்.

"கஞ்சி குடிச்சிட்டு விளையாடுறான். உன்ட குரலக் கேட்டாத்தான் அழுவான். வை போனை" என்றார் கணவர்.

வாகரைச் சந்தியிலிருந்து விடுதிக்கு ஆட்டோ முந்நூறு ரூபாய்.

"அந்த வெள்ளக்கார அம்மாவப் பாக்கவா புள்ள? தோணிக்காரரிட்டக் கடற்பஞ்சு கேட்டுத் திரியிறா. மீன் குடுத்தா வேணாமாம்!" என்று சிரித்தார் ஓட்டுநர்.

விடுதி முற்றத்தில் உட்காரவைத்துத் தன் கதையைச் சொன்னார் பேராசிரியர். அவருடைய தந்தை, கடலடியில் வளரும் கடற்பஞ்சு எடுக்கும் சுழியோடியாம். சில பஞ்சுகளைத் தொட்டால் கை ஏன் எரிகிறது என்று சிறுமியாக அவர் கேட்டதற்கு ஊரில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அதற்காகவே தலைநகர் சாக்ரெப் போய்ப் படித்தார். ஆய்வுகூடத்தில் ஒரே பெண். முதல் வருடம் குடுவை கழுவத்தான் விட்டார்களாம். பிறகு ஒரு பிள்ளையையும் பெற்று வளர்த்துக்கொண்டே, வாழ்நாள் முழுவதும் கடற்பஞ்சுகளிலிருந்து இரசாயனச் சேர்வைகளைப் பிரித்தெடுத்தார்.

பதினொரு மணிக்கு எனக்குப் பால் கட்டி வலித்தது. சட்டை நனைந்துவிட்டது. அவர் பேச்சை நிறுத்தாமலே தன் சால்வையைத் தந்து, அறைக் கதவைக் காட்டினார். திரும்பி வந்துதான் கேட்டேன்: "பிள்ளையோடு தனியாக எப்படிச் சமாளித்தீர்கள்?"

"தனியாகவா?" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "குடுவை மணிக்கணக்காகக் கொதிக்கும். யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும். பால் கொடுக்கும் நேரத்துக்கு நான் வீட்டுக்கு ஓடுவேன், என் குடுவையைச் சக ஆய்வாளர் பார்ப்பார். அவருடைய முறை வந்தால் நான். அதை ஒருவரும் உதவி என்று சொன்னதில்லை. ஆய்வுகூடத்தில் அதுதான் வழக்கம்."

இவ்வளவு நாளும் முறை வைத்துப் பிள்ளையைப் பார்க்கும்படி நான் யாரிடமும் கேட்டதே இல்லை. என் கணவர் பின்னேரங்களில் டியூஷன் எடுப்பவர், காலையில் வீட்டில்தான் இருக்கிறார்.

இதே பயணம் போக நினைப்பவர்களுக்கு: பின்னேரம் மூன்று மணிக்குள் வாகரையிலிருந்து கிளம்பிவிடுங்கள், பிறகு பஸ் குறைவு. பால் கொடுப்பவர்கள் மாற்றுச் சட்டையும் பால் எடுக்கும் கைப்பம்பும் கொண்டு போங்கள். பனிச்சங்கேணிப் பாலத்தடியில் சிக்னல் நன்றாக இருக்கிறது. திரும்பும்போது அங்கிருந்துதான் கணவரை அழைத்தேன்.

"நான் ஓம் எண்டு எழுதப்போறன். திங்களும் வியாழனும் காலமை நீங்கதான் புள்ளையப் பாக்கணும்."

பின்னால் மகன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"செவ்வாயையும் தா. ஆனா மூண்டு தரம் கோல் எடுக்கப்படாது."

"ரெண்டு" என்றேன்.