பழைய வேண்டுதல்

என் கணவர் தம் தலைமுடியை யாருக்காக மலைக்குக் கொடுத்தார்? முடி மறுபடி வளர்ந்து, எங்கள் பெண் அதைப் பிடித்து இழுத்து விளையாடுகிறாள். எனக்குத்தான் இன்னும் விடை தெரியவில்லை.

சென்ற மாசியில் எங்கள் ஊர் திருத்தணியில் சினிமாக் கொட்டகை போட்டிருந்தார்கள். அரக்கோணத்தில் ரயில்வே வேலை முடிந்து சீக்கிரமே வந்தவர், "படத்துக்குப் போலாமா?" என்றார். அவராகக் கேட்டது அதுவே முதல் தடவை. குழந்தைக்குச் சளி பிடித்துவிடுமோ என்று பயந்துகொண்டே கிளம்பினேன்.

படத்தில் மூன்று ஆண்கள் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஒருவனுடைய மனைவி இறந்துவிட்டாள். ஒருவன் விரும்பிய பெண்ணை வேறிடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மூன்றாமவனை ஒருத்தி விட்டுப் போயிருந்தாள்; ஏன் என்று படம் சொல்லவே இல்லை. மூவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அரிசியில் கல் பொறுக்கினார்கள், சோற்றைத் தீயவிட்டார்கள். பாட்டுகூட இல்லை.

பெண்கள் பக்கம் ஒரே கேலி.

"இன்னாம்மா இது, மூணு பேரும் வாயில கொழுக்கட்டையா வச்சிகினு இருக்கானுங்க?" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள்.

"சோறு பொங்கத் தெரியாதவனுக்குக் காதல் ஒரு கேடா!" என்றாள் இன்னொருத்தி. நானும் சிரித்தேன்.

ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆண்கள் சோடா கேட்டுக் கத்தினார்கள். எங்கே போனாலும் குழந்தையைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவர், அன்று ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது கேட்டேன். "அந்த மூணாவது ஆளு கடைசில ஏங்க சிரிச்சான்?"

"ஆங்?"

"சிரிச்சானே, ஏன்?"

"கொழந்த தலைய மூடு. பனி எறங்குது."

மறுநாள் காலையில் எங்கே போனார் என்று தேடிக்கொண்டிருந்தபோது, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து நின்றார். எங்கள் வீட்டில் யாருக்கு முடி இறக்கினாலும் ஒரு வாரம் முன்பே சொல்லி, எல்லோரும் சேர்ந்துதான் மலையேறுவோம்.

"யாருக்குடா வேண்டிக்கினே?" என்றார் மாமியார்.

"பழைய வேண்டுதல்மா."

"எவ்ளோ பழசு?"

"காப்பி குடு, சொல்றேன்" என்று சிரித்தார். காப்பி குடித்தார், சொல்லவில்லை.

"கொழந்தைக்கு ஜுரம் வந்துச்சே, அதுக்குத்தான்" என்று மாமியாரே முடிவு கட்டிக்கொண்டார். அப்படி இருக்காது. அந்த வேண்டுதலுக்குக் குழந்தையின் முடியையே கொடுத்தாகிவிட்டது.

பிரசவத்தில் நான் பிழைப்பேனா என்று எல்லோரும் பயந்தார்கள். அப்போது எனக்காக வேண்டி, சொல்லக் கூச்சப்பட்டிருப்பாரோ? அப்படியானால் அந்தப் படம் பார்த்த மறுநாள் ஏன்? என்னைக் கட்டுவதற்கு முன் யாராவது ஒருத்தி இருந்தாளோ? அவள் நன்றாக இருக்கட்டும் என்றா, அவளை மறக்க வேண்டும் என்றா? ஒரு நாள் முழுக்க அவள்மேல் கோபம் வருகிறது. மறுநாள், அவருக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, எல்லாம் என் கற்பனை என்று தோன்றுகிறது. படித்ததால் வந்த வினை என்று மாமியார் சொல்வது சரிதானோ என்னவோ.

அவர் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்காகத்தான் என்றால், கேட்பதே அவரை நோகடிக்கும். வேறொருத்திக்காக என்றால், அந்தப் பதிலோடு இந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன்?

இதைப் படிக்கும் சகோதரிகள் யாராவது தங்கள் கணவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டதுண்டா? கேட்டபின் வீடு எப்படி இருந்தது? நான் கேட்கட்டுமா, விட்டுவிடட்டுமா? தயவுசெய்து எழுதுங்கள்.