செம்பாவின் காக்கிப் பை: கும்மிடிப்பூண்டியிலிருந்து ஏரிக்கரை வரை

போன வாரம் செவ்வாப்பேட்டையிலிருந்து என் மகள் போன் செய்தாள். அவளுடைய நாய்க்கு முதுகுப்பை வாங்கப் போகிறாளாம். விலை இரண்டாயிரத்து நானூறு ரூபாய். இரண்டு பக்கமும் ஜிப், மேலே ஒரு கைப்பிடி, இருட்டில் மின்னும் பட்டை. "நாய்க்கெல்லாம் பையான்னு சிரிக்காதம்மா" என்றாள். நான் ஏன் சிரிக்கப் போகிறேன்? எழுபத்தேழாம் வருஷப் பொங்கல் லீவில் என் நாய்க்கு நானே பை தைத்து மாட்டி, கும்மிடிப்பூண்டியிலிருந்து பழவேற்காடு ஏரிக்கரை வரை இருபது கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப் போனவள் நான். நாயோடு நடைப்பயணம் போக ஆசைப்படுகிறவர்கள் பை வாங்குவதற்கு முன் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயத்தை நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கற்றுக்கொண்டேன்.

அப்போது கும்மிடிப்பூண்டியில் மாதத்துக்கு ஒரு புது ஷெட் எழும்பிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு கம்பெனியில் என் வீட்டுக்காரருக்குச் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. நான் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். என் பிறந்த வீடு ஆர்.கே.பேட்டை பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவர் ஏரியில் மீன் பிடிக்கும் வீட்டுப் பிள்ளை. இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தது என்ற கதை இங்கே வேண்டாம். கல்யாணமாகி ஏழு மாதம். பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தவை இரண்டுதான்: ஒரு தையல் மிஷின், ஒரு செம்பா. செம்பா செம்மண் நிறத்தில் ஒரு நாட்டு நாய். மூன்று வயது.

நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனரம்மாவுக்குச் செம்பாவைக் கண்டாலே ஆகாது. கொடியில் காய்ந்த அவர் புடவையை அவன் ஒரு தடவை இழுத்துவிட்டான், அதை நான் மறைக்கவில்லை. "நாய் வேணும்னா வேற ஊடு பாத்துக்க" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார்.

"எங்க அண்ணன் ஊட்ல வுட்டுட்டு வந்துர்லாம் வசந்தா. அங்க மீனு துன்னுகினு ஜாலியா கெடக்கும். இங்க சும்மா சோறு துன்றதத் தவிர அது இன்னா வேல செய்யுது?"

எனக்கு வந்ததே கோபம். "மூட்ட தூக்கும்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னது கிடையாது, வாயில் வந்துவிட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே பந்தயம் முடிவாயிற்று. மாட்டுப் பொங்கலன்று மூன்று பேரும் நடந்தே அண்ணன் வீட்டுக்குப் போவது, மறுநாள் நடந்தே திரும்புவது. செம்பா சுமையோடு போய்ச் சுமையோடு வந்துவிட்டால் அவர் வேறு வீடு பார்ப்பார். நடுவில் சுமை கீழே விழுந்தால் செம்பாவை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

பன்னிரண்டு நாள் இருந்தது. அந்தக் காலத்தில் நாய்க்குப் பை என்று எந்தக் கடையில் கேட்பது? துணி மூட்டை சுமக்கும் கழுதையைப் பார்த்துக் கணக்குப் போட்டேன்: முதுகின் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்க வேண்டும். என் வீட்டுக்காரரின் பழைய காக்கி பேன்ட்டை எடுத்து, இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே வெட்டி, அடியைத் தைத்தேன். இரண்டு பை தயார். இடுப்புப் பகுதியைப் பழைய போர்வைத் துண்டு வைத்து மெத்தென்று தைத்து முதுகில் விரித்தேன். நெஞ்சுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று கட்ட, கட்டிலுக்குப் போடும் பருத்தி நாடா மூன்று கஜம் வாங்கினேன். தொண்ணூறு காசு. மொத்தச் செலவே அவ்வளவுதான்.

முதல் மூன்று நாள் வெறும் பையை மாட்டினேன். செம்பா சிலையாக நின்றுவிட்டான். பிறகு பழைய பேப்பர் அடைத்தேன், நடந்தான். ஆறாம் நாள் பேராசையில் நாலு கிலோ அரிசியை ஏற்றினேன். அப்படியே உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தான். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். ஆனாலும் நியாயமான மனுஷர். மறுநாள் சாயங்காலம் அவரே செம்பாவைக் கம்பெனிக்குக் கூட்டிப்போய், சரக்கு எடை போடும் மேடையில் ஏற்றிப் பார்த்தார். பத்தொன்பது கிலோ. "ரெண்டு கிலோவுக்கு மேல ஏத்தாத. பாவம்" என்றார். நாயின் எடையில் பத்தில் ஒரு பங்கு. இன்றைக்கும் அதுதான் என் கணக்கு. வலது பக்கம் ஒரு கிலோ வெல்லம், இடது பக்கம் ஒரு கிலோ பச்சரிசி. முதல் தடவையாக மூத்தார் வீட்டுக்கு, அதாவது அவர் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம், வெறுங்கையோடு போக முடியுமா?

வழியில் செம்பாவால் முடியாமல் போனால் ரயிலில் ஏற்றலாமா என்று ஸ்டேஷனில் கேட்டு வைத்தேன். நாயை ரயிலின் கடைசியில் கார்டு இருக்கும் பெட்டியில் கூண்டுக்குள் அடைத்துத்தான் ஏற்றுவோம் என்றார்கள். அந்தப் பேச்சே வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மாட்டுப் பொங்கல், காலை ஐந்து பத்துக்குக் கிளம்பினோம். நாடாவை நான்தான் கட்டினேன். விழுந்தால் நாயே போய்விடும் அல்லவா? இழுத்து இழுத்து இறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முடிச்சுப் போட்டேன். "இன்னாடி, நாய்க்குத் தாலியா கட்ற?" என்றார் அவர். சிரித்துக்கொண்டே நடந்தோம். அப்படி ஒரு குளிர்ந்த காலை. நெடுஞ்சாலையில் லாரிகூட அபூர்வம். செம்பா வாலைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனான். எனக்குக் கால் தரையில் பாவவே இல்லை.

ஏழு இருபதுக்கு எளாவூர், எட்டு கிலோமீட்டர். நாஷ்டாவுக்கு ஆளுக்கு நாலு இட்லி, ஒரு டீ. செம்பாவுக்கு மூன்று இட்லி. இரண்டு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. பையை இறக்கி அடியில் முடி அழுந்தியிருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். முடிச்சை அவிழ்க்கவே நகத்தைப் பெயர்க்க வேண்டியிருந்ததால், விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்ததோடு விட்டுவிட்டேன். அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வழியெல்லாம் மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம், கழுத்தில் மாலை. அதற்கு நடுவில் காக்கி பேன்ட் போட்ட நாய். ஆரம்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் வயல் ஓரம் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"இன்னா நைனா, மாட்டுக்குத்தான் ஜோடிப்பாங்க. நீ நாய்க்கு ஜோடிச்சுக்கினு போற?"

"மூட்ட தூக்கினு வருதுப்பா" என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்ததை நான் கவனித்தேன்.

"பையும் காக்கியும் பாத்தா பஸ் கண்டக்டரு மாதிரி கீறான். சீட்டு குடுப்பானா?"

ஆரம்பாக்கம் வந்தபோது ஒன்பது நாற்பது. அங்கிருந்து கிழக்கே ஏரிக்கு ஆறு கிலோமீட்டர். மாட்டு வண்டி கிடைத்தால் நாங்கள் மட்டும் ஏறிக்கொள்ளலாம், செம்பா பின்னால் நடக்கட்டும் என்று நம்பியிருந்தோம். மாட்டுப் பொங்கலன்று மாட்டை வண்டியில் பூட்ட யாருக்கு மனசு வரும்? ஒருவரும் வரவில்லை. நடந்தோம். நாளைப் பார்த்துக் கிளம்பாத தப்பு எங்களுடையது.

பதினொன்று ஐம்பதுக்கு ஏரி தெரிந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர் ஏரிதான். இதற்குக் கரையே தெரியவில்லை. தூரத்தில் தண்ணீருக்கு மேலே ரோஜா நிறத்தில் ஒரு கோடு. "இன்னாங்க அது?" என்றேன். "பூநாரை. கூட்டமா மேயுது" என்றார். பறவையா அத்தனையும்? என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

மூத்தார் வீடு ஏரிக்கு அக்கரையில், எங்களைக் கூட்டிப் போக அவர் படகோடு காத்திருந்தார். கரையோரம் வெறும் சேறு என்பதால் படகு நூறு அடி தள்ளித்தான் நின்றது. முழங்கால் தண்ணீரில் நடந்து போய் ஏற வேண்டும். "நடுவுல ஓட ஒண்ணு கீது, ஆழம். என் பின்னாலயே வா" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் முன்னால் போனார். செம்பாவின் கயிறு என் கையில். பாதி வழியில் பூநாரைகள் அத்தனையும் ஒன்றாக எழும்பின. இறக்கையின் உள்பக்கம் குங்குமச் சிவப்பு. நான் என்னை மறந்து கைதட்டினேன். கைதட்டியவள் கையில் கயிறு எப்படி இருக்கும்?

செம்பா குரைத்துக்கொண்டே பறவைகளை நோக்கிப் பாய்ந்தான். நேராக ஓடையில் விழுந்தான். நாய் நீந்தும் என்றுதான் நினைத்தேன். பேன்ட் பை இரண்டும் தண்ணீரைக் குடித்து உப்பிவிட்டன. அவன் தலை ஒரு தடவை மேலே வந்தது, மறுபடி காணவில்லை. நான் போய் விழுந்து நாடாவைப் பிடித்தேன். பருத்தி நாடா நனைந்து, நான் போட்ட மூன்று முடிச்சும் கல்லாக இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது, முடிச்சு அசையவில்லை. என் கைக்குள்ளேயே அவன் உதறுகிறான், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

என் வீட்டுக்காரர் பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டையோடு முழுகினார். செம்பாவின் கழுத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ணா, கத்தி" என்றார். மூத்தார் வலை அறுக்கும் கத்தியோடு படகிலிருந்து குதித்து வந்தார். இரண்டு அறுப்பு. பை அடியில் போயிற்று. செம்பா என் வீட்டுக்காரர் தோளில் தொங்கிக்கொண்டு தண்ணீரைக் கக்கினான். அவர் அவனை விடவே இல்லை. படகில் ஏறிய பிறகும் மடியில் வைத்துத் தன் சட்டையால் துவட்டிக்கொண்டிருந்தார்.

மூத்தார் காலால் துழாவிப் பையை எடுத்துவிட்டார். அரிசியில் சேறு, வெல்லம் முக்கால்வாசி கரைந்துவிட்டது. "ஏரிக்கே பொங்க வெச்சுட்டியேம்மா" என்றார். அவர் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுமை விழுந்துவிட்டது, நான் தோற்றுவிட்டேன். அன்று சாப்பாட்டில் இறால் குழம்பு. அத்தனை ருசியான குழம்பு, நான் ஒரு கவளத்தோடு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் மூத்தார் அந்தக் காக்கிப் பையை எடுத்துக் கழுவிக் காயவைத்து, நாடாவை வீசிவிட்டு வலைக் கயிறு கோத்தார். முடிச்சை எனக்குச் செய்து காட்டினார். சுமை எவ்வளவு இழுத்தாலும் அது பிடிக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் மொத்தமும் கழன்றுவிடும். "படகு கட்றது இப்டித்தாம்மா. கட்டும்போதே அவுக்கறத நெனச்சிக்கினு கட்டணும்" என்றார். இதெல்லாம் இனி எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பும்போது பார்த்தால், என் வீட்டுக்காரர் செம்பாவுக்குப் பை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் ஒரு கிலோ கருவாடு.

"தோத்துட்டேன் இல்ல?" என்றேன்.

"போய்ட்டு வரணும்னுதான பேச்சு? போனதுதான் ஆச்சு. வர்றது பாக்கி கீதே" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

படகிலிருந்து கரைக்கு அவரே செம்பாவைத் தூக்கி வந்தார். ஆரம்பாக்கம் வரை ஒரு குறையும் இல்லை. அங்கேதான் பேஜார். நாயின் முதுகில் கருவாடு ஏற்றலாமா? மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாசனை வாசனையாகவே தெரியவில்லை, தெருநாய்களுக்குத் தெரிந்தது. ஏழு நாய்கள் பின்னால் வந்தன. ஒன்று பையைக் கவ்வியே விட்டது. நான் நுனியை இழுத்தேன், ஒரே இழுப்பில் பை கழன்று கையில் வந்தது. செம்பா துள்ளி விலகினான். என் வீட்டுக்காரர் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். எளாவூர், அதற்கு அப்பால் எட்டு கிலோமீட்டர், வீடு வரை அவர்தான் சுமந்தார். செம்பா கைவீசி நடக்கிற துரை மாதிரி முன்னால் போனான்.

ஒன்றேகாலுக்கு வீட்டு வாசல். ஓனரம்மா வெளியே வந்தார். "இன்னாப்பா, நாய வுட்டுட்டு வரேன்னு போனீங்க?"

கருவாட்டு நாற்றத்தோடு, தன் பழைய பேன்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "அவன் மூட்டயத் தூக்கினு வந்துட்டாம்மா. நாங்க வேற ஊடு பாத்துக்கறோம்."

தை முடிவதற்குள் ரயில் பாதை ஓரம் வேறு வீடு போய்விட்டோம்.

இப்போது போகிறவர்களுக்கு: அந்த நெடுஞ்சாலையில் இன்று நாயோடு நடக்காதீர்கள், வண்டிகளின் வேகம் ஆளையே தூக்கிவிடும். ஆரம்பாக்கம் வரை வண்டியில் போய், அங்கிருந்து ஏரிக்கரைக்கு மட்டும் நடங்கள். தை மாதம் நல்ல மாதம். தண்ணீர் பக்கம் வந்தால் பையை இறக்கிவிடுங்கள். பை எவ்வளவு தாங்கும் என்று கடைக்காரர் சொல்வார். நாய்க்கு மாட்டிப் பார்த்து, ஒரு கையால் எவ்வளவு சீக்கிரம் கழற்ற முடிகிறது என்று நீங்கள் பாருங்கள். மகளிடமும் அதைத்தான் சொன்னேன்.

இதை எழுதி முடித்து என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு இடத்தை மாற்றச் சொன்னார். "ஆரம்பாக்கத்துலருந்து நான் எங்கடி தூக்கினு வந்தேன்? அவன்தான் தூக்கினு வந்தான். அப்டியே எழுது."

எழுதிவிட்டேன். செம்பாதான் தூக்கிக்கொண்டு வந்தான்.